கவிழ்த்து வைக்காத வட்டில்

நடந்தவை, வரிசையாக:

1. சென்ற ஆண்டு மாசியில் நானும் என் நான்கு வயது மகள் உமாவும் இங்கிலாந்திலிருந்து தேனிப் பக்கமுள்ள தேவாரத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் போனோம்.

2. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் என் உடம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

3. சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, படத்தில் இருப்பது நான்தானா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். கையெழுத்து ஒத்துப்போனதால் விட்டுவிட்டார்.

4. வீடு சேர்ந்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

5. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை நான் வந்து சேரவில்லை.

6. அம்மாவின் இடது காலில் ஒரு புண் இருந்தது. அது ஆறுவது நான் வந்து சேர்வதைப் பொறுத்தது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. உடம்பைக் குறைக்க என்ன செய்தாய், குறைத்ததை எப்படிக் காப்பாற்றுகிறாய் என்று ஊரிலிருந்து பலர் கேட்டு எழுதுகிறார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதை மட்டும் எழுதினால் அது பாதி பதில்தான். மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

*

நான் செய்வது எடைக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கும் வேலை. மதுரையில் பாலிடெக்னிக் படித்தேன். கல்யாணமாகி வட இங்கிலாந்தின் இந்த ஆலை நகரத்துக்கு வந்ததும் ஒரு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. தராசுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். எடைக்கற்களை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் பட்டால் விரலின் ஈரமும் எடையில் சேர்ந்துவிடும். பேச்சியம்மாள் என்ற பெயர் அங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை. முதல் வாரத்திலேயே நான் பெக்கி ஆகிவிட்டேன். யாராவது பெக்கி என்று கூப்பிட்டால் இப்போதும் ஒரு கணம் வேறு யாரையோ தேடிவிட்டுத்தான் திரும்புகிறேன்.

உடம்பு ஏறியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தேவாரத்தில் மூட்டை தூக்கி மலை ஏறுகிறவர்கள் சாப்பிடும் அளவுச் சோற்றை, பேருந்தில் போய் நாற்காலியில் உட்காருகிறவள் சாப்பிட்டேன். அதன்மேல் இந்த ஊர் ரொட்டியும் வெண்ணெயும், நான்கு மணித் தேநீரோடு பிஸ்கட்டும். உமா பிறந்த பிறகு அவள் மிச்சம் வைத்ததும் என் வயிற்றுக்குத்தான் வந்தது. குளிருக்கு இதமாகவும் இருந்தது.

ஒரு நாள் இங்குள்ள டாக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு உண்டு என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், பத்து வருடம் தொடர்ந்து சாப்பிட முடியாத எதையும் பத்து நாளைக்குச் சாப்பிட்டுப் பயனில்லை என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக என்பது பிடிக்கவில்லை. சர்ச் மண்டபம் ஒன்றில் வாரம் ஒரு நாள் உடம்பைக் குறைக்க விரும்பும் பெண்கள் கூடுவார்கள். ஒவ்வொருவராக எடை மேடையில் ஏறுவார்கள்; எடை குறைந்திருந்தால் மற்றவர்கள் கைதட்டுவார்கள். நான் கைதட்டலுக்காகவே குறைத்தேன். காலையில் பால் இல்லாத காப்பி, மதியம் வேகவைத்த முட்டைக்கோஸ், இரவில் ஒன்றுமில்லை. தலைமுடி கொட்டியது. மாடிப்படியில் கண் இருட்டியது. கைதட்டல் மட்டும் குறையவில்லை. மெலிந்த பிறகு எடுத்த போட்டோ ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன்.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். காலையிலிருந்து பசி பிடுங்கும். பிற்பகல் இரண்டரை மணிக்கு அது நின்றுவிடும். குறைவது அல்ல, நின்றே போகும். ஒரு பெரிய சாப்பாட்டை முடித்து எழுந்தது போல வயிறு கனக்கும். சில நாட்களில் தொண்டையில் பூண்டு ரசத்தின் வாசனை வந்து போகும். அதற்குச் சற்று முன் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன். வசந்தத்தில் இங்கே கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். தள்ளிய மறுநாள் அந்த நிறைவு மூன்றரை மணிக்கு வந்தது. உடம்புக்கு அரசாங்க உத்தரவு தெரியாதல்லவா என்று என் கணவர் சிரித்தார். சரியான விளக்கம்தான் என்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் கோடை முழுவதும் அது மூன்றரையிலேயே நின்றது. கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் இரண்டரைக்குத் திரும்பியது.

*

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். அவரும் சித்தப்பாவும் மெட்டுப் பாதையில் ஏறி மலைக்குப் போனால் இறங்கி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், போனவருக்கு அவருடைய வட்டிலில், அதாவது விளிம்பு வைத்த அவரது பித்தளைத் தட்டில், அம்மா சோறு போட்டு வைப்பார். சற்று நேரம் தெருவாசலைப் பார்ப்பார். பிறகு அதை அம்மாவே சாப்பிடுவார். நாய்க்கோ மாட்டுக்கோ வைக்கக் கூடாது. போனவர் திரும்பியதும் அந்த வட்டிலில் சாப்பிட்டு, தன் கையாலேயே கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் அவர் வந்துவிட்டதாகக் கணக்கு.

நான் சிறுமியாக இருந்தபோது சித்தப்பா குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தார். சோறு வேண்டாம் என்று சொல்லி உள் அறையில் படுத்துக்கொண்டார். மறுநாள் இரவும் அம்மா அவருடைய வட்டிலில் சோறு போட்டு வைத்து வாசலைப் பார்த்தார். உள்ளே இருந்து சித்தப்பா தண்ணீர் கேட்டார். அம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்து, மறுபடியும் வாசலைப் பார்த்து, "இன்னும் காணமே" என்றார்.

காய்ச்சல் விடும் வரை அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் சித்தப்பா படுக்கையிலிருந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"மதினி, நான் இன்னும் எறங்கி வரலையா?"

"தெரியலையே கொழுந்தனாரே. வந்தாச் சொல்லுங்க."

கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்த வட்டிலில் இருந்து நாலு வாய் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்தார். அம்மா அப்போதுதான் அவரைப் பார்த்தது போல, "வாங்க, எப்ப வந்தீக?" என்றார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அப்பா இறந்துபோன பிறகு அந்த வழக்கமும் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

*

தேவாரத்தில் பஸ் இறங்கியபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. அண்ணன் கடையில் இருந்தான். அவன் மனைவி, என் மதினி, வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்ன பேச்சி, லண்டன்ல சோத்துக்குப் பஞ்சமா? காத்தடிச்சா மெட்டத் தாண்டிப் பறந்துருவ போல."

அம்மா உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது பாதத்தில் துணிக்கட்டு. நான் போகும்போது பார்த்ததைவிட இரண்டு மடங்கு பருத்திருந்தார். இளைப்பதற்கு முன் இருந்த என் முகமே அவருடைய முகத்தில் உட்கார்ந்திருந்தது போலத் தோன்றியது. அதே கன்னம், அதே மடிப்புவிழுந்த கழுத்து.

"வாங்க, உள்ள வாங்க. பஸ்ஸு லேட்டா?" என்றார்.

எனக்கும் உமாவுக்கும் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் என் முன்கையைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

இரவு என் வட்டிலில் சோறு வந்தது. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பூண்டு ரசம். சோறு குவியலாக இருந்தது.

"ராத்திரி நான் சாப்புடுறதில்லம்மா. ஒரு டம்ளர் மோர் போதும்."

மதினியின் கையில் இருந்த கரண்டி நின்றது. அம்மா என்னைப் பார்க்காமல் அவளிடம், "அவுகளுக்கு மோர் குடு" என்றார்.

களைப்பில் இருந்ததால் அந்த 'அவுக' என் காதில் உறைக்கவில்லை. மறுநாள் காலை, அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அம்மா கேட்டார்: "காப்பி குடிக்கிறீகளா?" அம்மா என்னை ஆத்தா என்றும் பேச்சி என்றும்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் ஏலே என்பார். நீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் இரவு எனக்கு ஒரு சின்னத் தட்டில் வெள்ளரிக்காய் வைத்தார்கள். சற்றுத் தள்ளி என் வட்டிலில் அதே குவியல் சோறு. நான் எதிரே உட்கார்ந்திருக்க, அம்மா தெருவாசலைப் பார்த்தார். ஒரு மாட்டுவண்டி போனது. யாரும் வரவில்லை.

"அம்மாச்சி, அது யாருக்கு?" என்று உமா கேட்டாள்.

"உங்க அம்மாவுக்குத்தான்."

உமா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. என்னைக் கைகாட்டி, "அப்போ இது யாரு?" என்றாள்.

"இவுக..." என்று தொடங்கிய அம்மா முடிக்கவில்லை. வட்டிலை மடிப்பக்கம் இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்தான் தன் சாப்பாட்டை முடித்திருந்தார்.

*

மறுநாள் காலை அடுப்படியில் மதினியிடம் கேட்டேன்.

"அம்மாவுக்குக் கண்ணு மங்கிருச்சா மதினி?"

"அவுகளுக்கா? அரிசியில கெடக்குற கல்லு எனக்குத் தெரியாது, அவுகளுக்குத் தெரியும்."

"பெறகு ஏன் என்னைய யாரோ மாதிரி பாக்குறாக?"

"வந்த அன்னைக்கு ராத்திரி சாப்புட்டியா நீ? மோரக் குடிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிட்ட. வட்டில் நிமிந்துதான இருக்கு. எங்க கணக்குக்கு நீ இன்னும் வானத்துலதான் இருக்க."

"மதினி, வெளையாடாத."

"நான் வெளையாடல." அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவுக கால நீ பாத்தியா? தேனியில டாக்டரு ராத்திரிச் சோத்தக் கொறைங்கன்னாக. கொறைச்சிட்டாக. அவுக வட்டில்ல ஒரே ஒரு கரண்டிதான். அப்புறம் ஒன் வட்டில எடுத்து வச்சு முழுசாத் தின்னுருவாக. கேட்டா, டாக்டரு என் சோத்தத்தான கொறைக்கச் சொன்னாரு, இது எம் மக சோறுங்கிறாக."

"எவ்வளவு நாளா?"

"நீ பிளேன் ஏறுனதுல இருந்து. நீ எலும்பா ஒரு போட்டோ அனுப்புனியே, அன்னைக்கு இருந்து ரெண்டு கரண்டி கூட. பிள்ள அங்கன பட்டினி கெடக்குதாம். இங்கன போட்டா அங்கன சேருமாம்." சிரிக்க முயன்றாள், வரவில்லை. "புண்ணு இப்பிடியே இருந்தா வெரல எடுக்கணும்னுட்டாக பேச்சி. அதுவும் ஆறலைன்னா பாதத்த."

நான் கேட்க நினைத்தது வேறு. கேட்டது இது: "என் வட்டில எத்தன மணிக்குச் சாப்புடுவாக?"

"எட்டு மணிக்கு. அதுல ஒரு நிமிசம் முன்னப் பின்ன ஆகாது."

நம் ஊரில் இரவு எட்டு மணி ஆகும்போது இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரை. கோடையில் மூன்றரை.

இதைப் பற்றி நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. இரண்டு அளவுகள் ஒத்துப்போவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். 

*

அன்று எட்டு மணிக்கு முன்பே போய் என் வட்டிலின் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருடமாகச் சோற்றைக் கண்டு பயந்து வாழ்ந்தவளுக்கு அந்தக் குவியல் எப்படித் தெரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு ஆளே எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இதைச் சாப்பிட்டால் போன உடம்பெல்லாம் இன்று இரவே திரும்பி வந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். சாப்பிடாவிட்டால் அம்மா சாப்பிடுவார். காலில் கட்டியிருந்த துணியில் மஞ்சளாக ஈரம் படிந்திருந்தது.

முதல் கவளம் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. அம்மா வாசலைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"மெதுவா, ஆத்தா" என்றார்.

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன். பாதி வரை சாப்பிட்டேன். அதற்கு மேல் வயிற்றில் இடமில்லை.

"முடியலம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். கண், கன்னம், கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாதிதான் வந்திருக்க" என்று சொல்லி, வட்டிலின் மறுபக்கம் கையை விட்டு மிச்சத்தைப் பிசையத் தொடங்கினார். அன்று அவர் தன் வட்டிலை எடுக்கவே இல்லை.

அந்தக் காட்சிதான் எனக்கு வழி சொன்னது. "அம்மா, இனிமே ஒனக்குன்னு தனியா வட்டில் வேண்டாம். இந்த ஒன்னுதான். குவிக்காம வை. சோறு ஒரு பங்கு, கீரையும் காயும் ரெண்டு பங்கு. அதுல பாதிய நீ இங்கன சாப்புடு. மறுபாதிய நான் அங்கன சாப்புடுறேன்."

"நீ சாப்புட மாட்ட. நீ பட்டினி கெடப்ப. நீ கெடந்தா எனக்குத் தெரியும்."

"கெடக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"மறுபாதிய என்ன செய்றதாம்? வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"மதினிக்குக் குடு."

"ஆமா, நான்தான் இங்கன எளைச்சுப்போய்க் கெடக்கேன்" என்றாள் மதினி. அம்மா சிரித்தார். நான் வந்த பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான்.

வட்டிலைக் கழுவ எழுந்தேன். அம்மா மறுவிளிம்பைப் பிடித்துக்கொண்டார். கழுவினேன். கவிழ்க்கப் போனபோது என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நிமிர்த்தியும் வைக்கவில்லை, கவிழ்த்தும் வைக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்தார்.

*

இங்கே திரும்பிய பின் சர்ச் மண்டபத்துக்கு நான் போகவில்லை. குறைத்ததைக் காப்பாற்றுவதற்குக் கைதட்டல் கிடையாது.

சாப்பாடு இப்போது இப்படி. காலையில் கம்மங்கூழ் அல்லது இந்த ஊர் ஓட்ஸ் கஞ்சி, தவிர்ப்பதே இல்லை. மதியம் டப்பாவில் கொஞ்சம் சோறு, நிறையக் காய், கொள்ளு ரசம். இரவு ஏழு மணிக்குள் அரை வயிறு. பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன். பொங்கலன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. ஒரு வேளை தவறினால் அம்மா கூடுதலாக ஒரு கரண்டி போட்டுவிடுவார் என்ற நினைவு, எந்த டாக்டரும் தர முடியாத கட்டுப்பாடு. முதலில் எடை கொஞ்சம் ஏறியது. பயந்தேன். பிறகு நின்றது. நின்ற இடத்திலேயே இருக்கிறது.

உமாவுக்குத் தமிழ் நழுவிக்கொண்டிருக்கிறது. தேவாரத்தில் கற்றுக்கொண்டதில் அவளிடம் தங்கியது ஒன்றுதான். தினமும் சாப்பாட்டு மேசையில் கூடுதலாக ஒரு தட்டு வைக்கிறாள். அம்மாச்சிக்கா என்று முதல் நாள் கேட்டேன்.

"இல்ல. குண்டு அம்மாவுக்கு."

"அது யாரு?"

"ஃபர்ஸ்ட் இருந்துச்சே, அந்த அம்மா. அது இன்னும் வரல."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தாள். அம்மா பார்க்கும் அதே விதம்.

*

இன்றைய நிலை:

அம்மாவின் புண் ஆறிவிட்டது. ஐந்து விரலும் இருக்கின்றன. உடம்பு நன்றாக இளைத்திருக்கிறார் என்று அண்ணன் டிரங்க் காலில் சொன்னான். தேவாரத்தில் என் வட்டில் ஒவ்வொரு இரவும் கழுவிய பின் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

என் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. இரண்டரை மணிக்கு இப்போதும் வயிறு நிறைகிறது. பாதிதான்.

உமா வைக்கும் தட்டில் நான்தான் சாப்பிடுகிறேன். என் கையாலேயே கழுவி, தட்டடுக்கில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் அது நிமிர்ந்திருக்கிறது. என் கணவர் தொடவில்லை என்கிறார். அந்த அடுக்கு உமாவின் கைக்கு எட்டாது. நான் அதில் கஞ்சியை ஊற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.